கிரவல் காணி

அலவாங்கு முதல் குத்திலேயே துள்ளித் திரும்பியது.
கோயில் மணி போல ஒரு சத்தம்
கையெலும்பு வரை வந்து போனது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வீதியால் போய்
இரண்டு கட்டை உள்ளே,
அரை ஏக்கர்.
பேர்மிட்டில் என் பெயர்: ஞானசேகரம் சிவயோகமலர்.
எங்களுக்கு முன் இங்கே பார வாகனங்கள் நின்றன.
கிரவல் கொட்டி, உருளை ஓட்டி,
எட்டு வருஷம் சில்லுகள் மிதித்த தரை.
ஒயில் கசிந்த இடங்கள்
மழைக்கும் நனையாமல் கறுப்பாய்க் கிடந்தன.
தொட்டாற்சுருங்கிகூட வேலிக்கு அப்பால்தான்.

வெடி இல்லை என்று
எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.
மண் இருக்கிறது என்று
ஒருவரும் எழுதித் தரவில்லை.

விவசாயக் கந்தோர்ப் பெடியன்
சொப்பிங் பையில் ஒரு பிடி அள்ளிப் போனான்.
மூன்று கிழமையால் கடதாசி வந்தது.
சேதனப் பொருள்: மிகக் குறைவு.
"இதை நான் கடதாசி இல்லாமலே சொல்லியிருப்பனே"
பல்லுக்குள் ஈர்க்கை விட்டபடி இவர்.
"வீடு கட்டியாச்சு. மரக்கறி சந்தையில கிடக்கு.
பிறகென்ன உனக்கு?"

பிறகென்ன எனக்கு.
பதில் இருக்கவில்லை.
ஒரு வாளி இருந்தது.

சந்தித் தேத்தண்ணிக் கடை ரட்ணேஸ்வரனிடம்
நாள்தோறும் தேயிலைச் சக்கை.
மல்லாவி மில்லில் உமி,
பஸ்ஸில் மூட்டைக்கும் ஒரு ரிக்கற்.
"அக்கா, இவைக்குச் சீற்றும் வேணுமோ?"
மீன்காரன் பெனடிக் தலையும் செதிலும்
பேப்பரில் சுற்றித் தந்தான்,
மரண அறிவித்தல் பக்கம்.
முகங்கள் வெளியே தெரியாமல்
உள்மடித்துப் புதைத்தேன்.

குளத்து வண்டலுக்கு அனுமதி வேண்டும்.
அனுமதிக்குக் கடிதம், கடிதத்துக்கு முத்திரை,
முத்திரை வைத்திருப்பவர் லீவு.
எதிர்க்காணி அன்னபூபதி
தன் கத்தரிப் பாத்தியிலிருந்து
ஒரு வாளி மண் தந்தாள்.
"சும்மா இல்லை, கடன்."
சிரிக்கவில்லை.

காசு கடன்பட்டிருக்கிறேன், நகை, அரிசி,
ஒருமுறை குடைகூட.
மண் இதுதான் முதல் தரம்.

பயற்றை பத்து விதை.
மூன்று முளைத்தது.
ஒன்றை மயில், ஒன்றைக் குரங்கு,
மூன்றாவது ஒருவரும் தொடாமலே மஞ்சளாகிச் செத்தது.
கிணற்றடியில் குந்தி அழுதேன் என்று சொல்லலாம்.
கிணறு இல்லை, பவுசர் தண்ணிதான்.
பவுசர்க்காரனுக்கு முன்னால் எப்படி அழுகிறது?

மண்வெட்டிக்கு அகப்பட்டவை:
நட்டு ஒன்று, போல்ட் பதினேழு,
ஒரு சப்பாத்தின் அடி,
வளைந்த கரண்டி.
கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன்.
யாரோ அதால் சோறு தின்றிருப்பான்.

அடுத்த மாரிக்குச் சணல் விதைத்தேன்.
மஞ்சளாய்ப் பூத்தபோது
வீதியால் போனவர்கள் சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்தார்கள்.
பூவோடேயே வெட்டி மிதித்துத் தாட்டேன்.
"விசரே உனக்கு?" என்றார் இவர்.
கத்தியைத் தீட்டித் தந்ததும் அவர்தான்.

தையில் காய்த்தது, நான் நட்ட கத்தரி அல்ல,
நடாத பூசணி.
மீன்தலை தாட்ட குழியிலிருந்து,
எந்தக் கடைக் கஞ்சலோடு வந்த விதையோ.
கொடி ஒயில் திட்டுக்கு வந்து நின்று,
யோசித்து, சுற்றிப் போய்,
கக்கூஸ் கூரையில் ஏறி
ஒரு காயைத் தூக்கி வைத்திருந்தது.
திட்டின்மேல் இன்னமும் அது கால் வைக்கவில்லை.
நானும்தான்.

நேற்று வாளியை நிரப்பி
அன்னபூபதியிடம் கொண்டுபோனேன்.
கையை விட்டு அளைந்தாள். மணந்தாள்.
"தேத்தண்ணி மணக்குது.
நான் தந்த மண் இதில்லை."
"இல்லைத்தான்.
வட்டியும் கிடக்கு."

தன் பாத்தி ஓரத்தில் கவிழ்த்தாள்,
பக்கத்து மண்ணைவிட ஒரு நிறம் கறுப்பாக.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
நான் வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.
வேலை இருக்கிறது,
கிழக்கு மூலையில் இன்னமும் மணி அடிக்கிறது.